‘ஆடுதே’ மாமா

பொருள்களைப் பயன்படுத்துகிறவர்கள் பலர். பொருள்களை ஆட்டிப் பார்க்கிறவர்கள் சிலர். அந்தச் சிலரில் ஒருவராவது உங்கள் சொந்தத்தில் இருப்பார். இல்லையென்றால் உங்கள் சொந்தம் இன்னும் முழுமையாகவில்லை என்று அர்த்தம். கொஞ்சம் பொறுங்கள், ஏதாவது ஒரு கல்யாணத்தின் வழியாக வந்து சேர்ந்துவிடுவார்.

ஆட்டிப் பார்ப்பவரை அடையாளம் காண்பது சுலபம். வீட்டுக்கு வந்தவரை “வாங்க, உக்காருங்க” என்கிறீர்கள். மற்றவர்கள் உட்கார்ந்துவிடுவார்கள். இவர் உட்கார மாட்டார். நாற்காலியின் முதுகைப் பிடித்து முன்னும் பின்னுமாக ஓர் உலுக்கு உலுக்குவார். மேஜையின் மூலையில் உள்ளங்கையை ஊன்றி அமுக்குவார். சுவரை விரல் மூட்டால் தட்டிவிட்டு, உள்ளே யாரோ பதில் சொல்லப்போவதுபோலக் காதைக் கொடுத்துக் கேட்பார். மாடிப்படி ஏறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏற மாட்டார். அதை இழுத்துப் பார்த்துவிட்டு, நம்பிக்கை போய், சுவரோரமாக ஏறுவார். பயணப்பெட்டி வாங்கப் போனால் மூடியில் குத்து, செருப்பு வாங்கப் போனால் இரண்டாக மடித்து ஒரு முறுக்கு, குடை வாங்கப் போனால் விரித்துத் தலைகீழாகப் பிடித்துக் கம்பி கம்பியாக ஒரு நெருடல். சரி, இத்தனை செய்தாரே, வாங்குவாரா? அதுதான் இல்லை. உதட்டைப் பிதுக்கி மூன்றே எழுத்தில் தீர்ப்பைச் சொல்லிவிட்டு நடையைக் கட்டுவார்.

“ஆடுதே.”

ஆடினால் மட்டம். ஆடாவிட்டால் உசத்தி. வளைந்தால் போலி. வளையாவிட்டால் அசல். இவ்வளவுதான் அவருடைய சாஸ்திரம். இதில் அவரை மட்டும் குறை சொல்வதும் நியாயமில்லை. ‘கெட்டி’ என்று ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நாம் எத்தனை வேலை வாங்குகிறோம்? வளையாததும் கெட்டி, உடையாததும் கெட்டி, பரீட்சையில் முதல் மார்க் வாங்குகிறவனும் கெட்டி. ஒரே சட்டையை மூன்று பேருக்கு மாட்டிவிட்டால் யார் எவர் என்று எப்படித் தெரியும்?

இந்த இனத்தில் முதல் வரிசையில் வைக்கத்தக்கவர் ஒரு பல் டாக்டர். அவர் கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

டாக்டருக்கு இந்தப் பழக்கம் தொழிலில் வந்தது. காலையிலிருந்து மாலை வரை பிறர் வாயில் விரலை விட்டு ஒவ்வொரு பல்லாக ஆட்டிப் பார்ப்பதுதான் முப்பது வருஷமாக அவருக்குச் சோறு போட்டது. ஆடாத பல் நல்ல பல். ஆடுகிற பல்லுக்கு ஆயுசு முடிந்தது. இந்த விதி க்ளினிக்கோடு நின்றிருந்தால் யாருக்கும் ஒரு தொந்தரவும் இல்லை. டாக்டர் சாயங்காலம் வெள்ளைக் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டுவார். விதியைக் கழற்ற மாட்டார்.

அவர் வீட்டில் சாப்பாட்டு மேஜை நான்கு கால்களிலும் போல்ட் போட்டுத் தரையோடு முடுக்கப்பட்டிருந்தது. கட்டில் கால்கள் சிமெண்டில் இறங்கியிருந்தன. புத்தக அலமாரியை இரும்புப் பட்டை போட்டுச் சுவரோடு அறைந்திருந்தார். அதன் பின்னால் விழுந்த ஒரு சீப்பு விழுந்ததுதான், அதற்கு இனி விடுதலை கிடையாது. துணி காயப்போடும் நைலான் கயிறு நடுவில் தொய்கிறது என்று அவிழ்த்து எறிந்துவிட்டு இரும்புக் குழாயைப் பொருத்தினார். தொய்வு நின்றது. எல்லா வெள்ளைத் துணியிலும் நடுவே துருக்கோடு ஒன்று விழ ஆரம்பித்தது. காற்றடித்தால் ஜன்னல் கண்ணாடி கடகடவென்று அதிர்கிறது என்று, கண்ணாடியைச் சுற்றியிருந்த ரப்பரைப் பிடுங்கிவிட்டு, கல்லாக இறுகுகிற மக்குப் பசையை வைத்து அடைத்தார். அதிர்வு நின்றது. வெயில் காலம் வந்ததும் கண்ணாடி குறுக்காக விரிசல் விட்டது. வேறு கண்ணாடி போட்டார். அதுவும் விரிசல் விட்டது.

“இப்ப வர்ற கண்ணாடியே மட்டம்,” என்றார் டாக்டர்.

அவர் மனைவி கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். புதிதாக ஸ்டியரிங்கைத் தொடுகிறவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து, எதற்கும் பதறாத ஒரு சுபாவம் அவருக்கு வாய்த்திருந்தது. “இந்த வீட்ல இன்னும் ஆடிட்டு இருக்கிறது என் தலை ஒண்ணுதான்,” என்பார். “அதையும் எதுலயாவது முடுக்கிட்டீங்கன்னா நிம்மதி.”

பெயர் வந்த கதையையும் சொல்லிவிடலாம். ஒருமுறை குடும்பத்தோடு விமானத்தில் போனார்கள். டாக்டருக்கு ஜன்னலோர இருக்கை. வெளியே பார்த்தார். இறக்கையின் நுனி மேலும் கீழுமாக அசைந்துகொண்டிருந்தது. பணிப்பெண்ணைக் கூப்பிட்டு, ரகசியம் சொல்வதுபோல, “ரெக்கை ஆடுதே,” என்றார். அவள் சிரித்துக்கொண்டே, “அது ஆடத்தான் செய்யும் சார்,” என்றாள். டாக்டர் அதை நம்பவில்லை. இறங்கும்வரை ஒரு கையால் இருக்கையைப் பிடித்துக்கொண்டு இறக்கையையே பார்த்துக்கொண்டிருந்தார், தாம் கண்ணை எடுத்தால் அது கழன்றுவிடும் என்பதுபோல. பின் இருக்கையில் மனைவி வழிச் சொந்தத்துப் பிள்ளைகள் நாலைந்து பேர். அன்றிலிருந்து அவர் ‘ஆடுதே’ மாமா.

இந்த ‘ஆடுதே’ மாமாவின் ஒரே மகள் ஒரு நூலகத்தில் வேலை பார்த்தாள். அங்கே ஒருநாள் நாற்காலி ஒன்று உடைந்தது. ஏன் உடைந்தது என்று பார்க்க, அதைச் செய்த தொழிற்சாலையிலிருந்து ஓர் இளைஞன் வந்தான். வந்தவன் நாற்காலியைப் பார்க்கவில்லை. உடைந்த துண்டைக் கையில் எடுத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பி, சாப்பிடக்கூடப் போகாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவன் வேறு வேறு காரணம் சொல்லிக்கொண்டு நூலகத்துக்கு வர ஆரம்பித்தான். உடையாத நாற்காலிகளைப் பற்றிக்கூட விசாரித்தான். ஒரு வருஷம் கழித்து அவள் அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னாள்.

“வரச் சொல்லு, பாக்கலாம்,” என்றார் டாக்டர்.

எப்படிப் பார்ப்பார் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அவன் வந்த அன்று வாசலிலேயே கையை நீட்டினார். கடைவாய்ப் பல்லையே பேரம் பேசாமல் பிடுங்குகிற கை அது. அந்தப் பிடியில் இளைஞனின் கை அப்படியே ஒடுங்கிப் போயிற்று. இடுக்கியில் பஞ்சைப் பிடித்ததுபோல இருந்தது டாக்டருக்கு. அப்போதே அரை மார்க் குறைத்துவிட்டார்.

“கல்யாணத்தைச் சுருக்கமா வெச்சுக்கலாம்னு நெனைக்கிறேன்,” என்றார், உட்கார்ந்ததும்.

“சரிங்க சார்.”

“ஆனா நாலு பேரைக் கூப்பிடாம எப்படி? ஒரே பொண்ணு. பெரிசாவே பண்ணணும்.”

“அதுவும் சரிதாங்க.”

டாக்டர் மனைவியைப் பார்த்தார். மனைவி டீயைப் பார்த்தார்.

“சக்கரை போதுமா தம்பி?”

“போதுங்க.”

“போடவே மறந்துட்டேனே.”

“பரவாயில்லைங்க. நல்லாத்தான் இருக்கு.”

டாக்டருக்குப் பொறுக்கவில்லை. “என்ன வேலை பாக்குறதா சொன்னீங்க?”

“நாற்காலி உடைக்கிறதுங்க.”

டாக்டர் தம் நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டார். இளைஞனே விளக்கினான். “கம்பெனியில புதுசா எந்த நாற்காலி செஞ்சாலும் முதல்ல என்கிட்டதாங்க வரும். அமுக்குவோம், தள்ளுவோம், மணல் மூட்டையைத் தூக்கி மேல போடுவோம். தாங்குச்சுன்னா பச்சை ஸ்டிக்கர். அப்பதான் கடைக்குப் போகும்.”

“ஆட்டிப் பாப்பீங்களா?” டாக்டரின் குரல் தன்னையறியாமல் இறங்கியது.

“அதுக்கு மெஷின் இருக்குங்க.”

மெஷின். உலகத்தில் இதற்கென்று ஒரு மெஷின் இருப்பது இத்தனை வருஷமாகத் தமக்குத் தெரியாமல் போயிற்றே என்று டாக்டர் ஒரு கணம் ஏங்கிப்போனார். ஆனால் சமாளித்துக்கொண்டார். பையன் விடைபெற்றுப் போய், தெருமுனை திரும்பும்வரை காத்திருந்து, தீர்ப்பைச் சொன்னார்.

“ஆடுதே.”

“என்னப்பா ஆடுது?” என்றாள் மகள்.

“ஆள்தான். எந்தப் பக்கம் தள்ளினாலும் அந்தப் பக்கம் சாயறான். சுருக்கமாங்கறேன், சரிங்கறான். பெரிசாங்கறேன், அதுக்கும் சரிங்கறான். நாளைக்கு ஒரு கஷ்டம்னு வந்தா எப்படிம்மா நிப்பான்?”

“அவர் என்ன பல்லாப்பா?”

“எல்லாருமே ஒரு விதத்துல பல்லுதான்.”

மகள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் டாக்டருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். கத்துகிற நோயாளியைச் சமாளிக்க அவருக்குத் தெரியும். அவள் மெதுவாகத்தான் சொன்னாள். “நீங்க வேணாம்னு சொன்னா நான் நிறுத்திடுவேன்னு நெனைக்காதீங்கப்பா. பண்ணிக்குவேன். ஆனா அன்னிக்கு எல்லாரும் சிரிச்சிட்டு நிக்கும்போது நீங்க மட்டும் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு ஓரமா நிப்பீங்க பாருங்க, அதை நெனைச்சாத்தான் எனக்கு முடியல.”

அதற்குப் பிறகு, கேட்டதற்கு மட்டும் அவள் பதில் சொன்னாள், கேட்காததைச் சொல்லவில்லை. காலை நேரங்களில் நூலகத்தில் யார் என்ன புத்தகம் கேட்டார்கள், யார் புத்தகத்துக்குள் மீன் முள்ளை வைத்துத் திருப்பிக் கொடுத்தார்கள் என்றெல்லாம் கதை சொல்லிக்கொண்டே சாப்பிடுகிறவள், இப்போது பேசாமல் சாப்பிட்டு எழுந்து போனாள். டாக்டர் அந்த அசையாத மேஜையின் முன்னால் தனியாக உட்கார்ந்திருந்தார். அவருக்கு ரொட்டி இறங்கவில்லை.

நாலு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, “அந்தத் தம்பி வேலை பாக்குற இடத்தை ஒருதரம் பாத்துட்டு வரலாம்,” என்றார். பையனைப் பார்க்கவா, மெஷினைப் பார்க்கவா என்று மனைவி கேட்கவில்லை. சாவியை எடுத்துக்கொண்டு காரைக் கிளப்பினார்.

தொழிற்சாலைக்குப் போகும் சாலை குண்டும் குழியுமாக இருந்தது. கார் தூக்கித் தூக்கிப் போட்டது.

“ஸ்பிரிங் போயிடுச்சு போல. இப்படி ஆடுதே,” என்றார் டாக்டர்.

“ஸ்பிரிங் இருக்கிறதாலதாங்க ஆடுது,” என்றார் மனைவி, சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல். “அது போயிருந்தா இந்நேரம் உங்க பல்லை நீங்களே பாத்துக்க வேண்டியிருக்கும்.”

சோதனை அறை தொழிற்சாலையின் பின்பக்கத்தில் இருந்தது. மனைவி, தகடு போட்ட கூரையின் சூடு தாங்காமல், வெளியே மர நிழலில் நின்றுவிட்டார். டாக்டர் உள்ளே போனார். போனவர் வாசலிலேயே நின்றுவிட்டார். வலது பக்கம் ஒரு மெஷின், மனிதனின் பின்பக்கத்தைப் போலச் செதுக்கிய ஒரு கட்டையை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து எழுப்பி, உட்காரவைத்து எழுப்பி, சலிக்காமல் வேலை செய்துகொண்டிருந்தது. இடது பக்கம் ஓர் இரும்புக் கை நாற்காலியின் முதுகைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே இருந்தது. நடுவில், கப்பியிலிருந்து நைலான் கயிற்றில் ஒரு மணல் மூட்டை தொங்கியது. மூலையில் கால் போனதும் கை போனதும் முதுகு போனதுமாக உடைந்த நாற்காலிகளின் குவியல். வாழ்நாள் முழுக்கத் தனியாகப் பாடிக்கொண்டிருந்தவன் திடீரென்று ஒரு கச்சேரி மண்டபத்துக்குள் நுழைந்துவிட்டால் எப்படியிருக்கும்? டாக்டருக்கு அப்படி இருந்தது. இளைஞன் ஓடிவந்து “வாங்க சார்” என்றதைக்கூட அவர் சரியாகக் கவனிக்கவில்லை. வரிசையாக நின்ற நாற்காலிகளை ஒவ்வொன்றாக ஆட்டிக்கொண்டு போனார்.

ஒரு வெள்ளை பிளாஸ்டிக் நாற்காலி, தொட்டதுமே நெளிந்தது. “சீ,” என்று விட்டுவிட்டார். அடுத்ததாக நின்றதன் முன்னால் அவர் கால் நின்றது. வார்ப்பிரும்புக் கால்கள். கனத்த மரப் பலகை. தொழிற்சாலையில் அதற்கு ‘யானை’ என்று பெயர். டாக்டர் ஒரு கையால் ஆட்டினார், அசையவில்லை. இரண்டு கையாலும் ஆட்டினார். அசையவில்லை. சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு இடுப்பால் ஒரு மோது மோதினார். அவருடைய இடுப்புதான் வலித்தது.

“இதுக்குப் பேருதான் நாற்காலி,” என்றார், இடுப்பைத் தடவிக்கொண்டே. “இதுல ஏன் பச்சை ஸ்டிக்கரைக் காணோம்?”

“உடையுதுங்க.”

“அசையாதது எப்படிப்பா உடையும்?”

“அசையறது நமக்குச் சொல்லிட்டு உடையுங்க. இது சொல்லாம உடையுது. விறைப்பு வேற, வலு வேற இல்லைங்களா?”

இதற்கு டாக்டர் ஏதோ பதில் யோசிப்பதற்குள் முதலாளி உள்ளே வந்தார். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார். வெளியே லாரி ஹாரன் அடித்தது.

“என்ன தம்பி, யானைக்கு ஒட்டியாச்சா?”

“இல்லைங்க ஐயா.”

“லாரி நிக்குதுப்பா.”

“நிக்குதுங்க. பாத்தேன்.”

“டிரைவர் திட்டுறான்.”

“அவர் திட்டுறதும் நியாயந்தாங்க. டீ வாங்கிக் குடுத்துட்டு வந்தேன்.”

“அப்புறம் என்ன, ஒட்டிடு.”

“அது மட்டும் முடியாதுங்க.”

முதலாளி கெட்டவர் இல்லை. கடையில் சொன்ன தேதிக்குச் சரக்குப் போய்ச் சேரவேண்டுமே என்ற கவலைதான். டாக்டரைப் பார்த்ததும், ஒரு பெரிய மனிதர் சாட்சிக்குக் கிடைத்துவிட்ட தெம்பில், “நீங்க சொல்லுங்க சார், இதைப் பாத்தா உடையிற சாமானாவா தெரியுது?” என்றார்.

டாக்டர் யோசிக்கவேயில்லை. “நானே ஆட்டிப் பாத்தேன். கல்லு மாதிரி நிக்குது.”

“கேட்டுக்கோ. டாக்டரே சொல்லிட்டார்.”

“சரிங்க ஐயா. சார் சொல்றதும் சரிதான், ஆடல. ஆனா ஒட்ட முடியாதுங்க. யாராவது பொத்துனு உக்காந்து கால் ஒடிஞ்சா முதுகெலும்பு போயிடும்.”

முதலாளியின் முகம் மாறியது. “என் கம்பெனியில ஸ்டிக்கர் ஒட்ட வேற கை இல்லைன்னு நெனைச்சியா?”

“இருக்குங்க. நான் தடுக்க முடியாது. என் கையால வேணாம், அவ்வளவுதாங்க.”

“அப்ப நாளையிலேர்ந்து நீ வர வேணாம்னு சொன்னா?”



“சரிங்க,” என்றான்.

டாக்டர் திரும்பிப் பார்த்தார். அதே ‘சரிங்க’தான். அன்றைக்குத் தம் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, சர்க்கரை போடாத டீயைக் குடித்துக்கொண்டு சொன்ன அதே குரல், அதே இறக்கம், அதே பணிவு. முகத்தில் வீறாப்பு இல்லை. ஆனால் அந்த ஆளை அந்த இடத்திலிருந்து ஒரு விரல் அகலம் நகர்த்த முதலாளியாலும் முடியவில்லை, லாரி டிரைவராலும் முடியவில்லை, பொண்ணுக்கு அப்பனான தம்மாலும் முடியவில்லை. மாமனாராக வரப்போகிறவர் எதிர்ப்பக்கம் சாட்சி சொல்லும்போது, யாராக இருந்தாலும் கொஞ்சம் வழவழவென்று எதையாவது சொல்லிச் சமாளித்திருப்பார்களே. டாக்டருக்குத் தாம் வாயைத் திறந்திருக்க வேண்டாம் என்று தோன்றியது. இப்படி அவருக்கு அடிக்கடி தோன்றுவதில்லை.

முதலாளி கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார். பிறகு, “சரி, போடு மூட்டையை. என் கண்ணால பாக்குறேன். நாற்காலியை நான் எடுத்துத் தர்றேன்,” என்று, தாமே போய், இருந்ததிலேயே நல்லதாக ஒரு யானையை இழுத்துக்கொண்டு வந்தார்.

மூட்டை மேலே ஏறியது. பாரத்தில் நைலான் கயிறு விண்ணென்று நீண்டது.

“கயிறு இழுபடுதே, அறுந்துடப் போகுது,” என்றார் டாக்டர், பழக்க தோஷத்தில்.

“நீளுங்க. அறாது,” என்றான் இளைஞன்.

பிடியை விட்டான். மூட்டை தொம்மென்று விழுந்தது. யானை அப்படியே நின்றது. முதலாளி சிரித்தார். டாக்டரும் சிரித்திருக்க வேண்டும். ஆட்டிப் பார்த்துச் சொன்னது அவர்தானே. ஆனால் அவருக்குச் சிரிப்பு வரவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக, ஆடாமல் நிற்கிற ஒரு பொருளைப் பார்த்து, ‘உடைஞ்சு தொலையேன்’ என்று உள்ளுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தார். மூட்டை மறுபடியும் ஏறியது, விழுந்தது. நின்றது. மறுபடியும் ஏறியது. முதலாளி லாரியைக் கிளப்பச் சொல்லக் கதவுப் பக்கம் திரும்பினார்.

டக்.

அவ்வளவுதான் சத்தம். முனகல் இல்லை, நெளிவு இல்லை, எச்சரிக்கை இல்லை. சாக்பீஸ் ஒடிவதுபோல ஒரு கால் ஒடிந்து, கனத்த பலகை தரையில் மோதி, மூட்டை கிழிந்து, மணல் முதலாளியின் செருப்பு வரைக்கும் சிதறியது. முதலாளியின் கை தானாகத் தம் முதுகெலும்பைத் தடவிப் பார்த்தது.

இளைஞன் வேறு மூட்டையை மாட்டி, அடியில் அந்த வெள்ளை பிளாஸ்டிக் நாற்காலியை வைத்தான். மூட்டை விழுந்தது. நாற்காலி நான்கு காலையும் அகட்டி, தவளைபோலத் தரையோடு குந்தி, பிறகு ஒன்றுமே நடக்காததுபோல எழுந்து நின்றது. மறுபடியும் போட்டான். மறுபடியும் குந்தியது, எழுந்தது.

முதலாளி வெளியே போய் லாரியைத் திருப்பி அனுப்பிவிட்டு வந்தார். “காலை மாத்தணும்னா எதுல போடலாம்?” என்று இளைஞனிடம் கேட்டார். நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொன்ன நினைவே அவரிடம் இல்லை. இளைஞனும் நினைவுபடுத்தவில்லை. “எஃகுக் குழாய்ல வளைச்சுப் போடலாங்க. கொஞ்சம் அசையும், ஆனா தாங்கும்,” என்றான்.

டாக்டர் அதற்குள் குனிந்து, ஒடிந்த காலைக் கையில் எடுத்திருந்தார். ஒடிந்த இடம் சாம்பல் நிறத்தில் பொடிப்பொடியாக மின்னியது. அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“உடைஞ்ச பல்லும் இப்படித்தாங்க இருக்குமா?” என்று பக்கத்தில் வந்து நின்றான் இளைஞன். ஆசையாகத்தான் கேட்டான். “எனக்கு ரொம்ப நாளா ஒரு சந்தேகம் சார். பல்லு எலும்போட அப்படியே ஒட்டிட்டு இருக்குமா, இல்ல நடுவுல ஏதாவது இருக்குமா?”

தொழிலைப் பற்றிக் கேட்டால் டாக்டருக்கு வாய் நிற்காது. “ஒட்டாதுப்பா. நடுவுல நார் நாரா மெல்லிசா ஒரு சவ்வு இருக்கு. பல்லு அதுலதான் தொங்குது. நீ எதையாவது கடிச்சா பல்லு துளி அமுங்கும். கண்ணுக்குத் தெரியாது, ஆனா அமுங்கும். அதனாலதான் ஒரு கல்லைக் கடிச்சாலும் தாங்குது. அந்தச் சவ்வு இல்லாம எலும்போட இறுகிப் போன பல்லு சில பேருக்கு உண்டு. தட்டினா கணீர்னு கேக்கும், கொஞ்சங்கூட ஆடாது, அதுதான் கடைசியில பெரிய தொந...”

அங்கே நின்றுபோனார்.

இளைஞன் மீதியைக் கேட்கவில்லை. “சரிங்க,” என்றான். பிறகு, “டீ சாப்பிடுறீங்களா சார்?” என்றான்.

திரும்பி வரும்போது கார் முன்னைவிட மோசமாகக் குதித்தது. டாக்டர் வாயைத் திறக்கவில்லை. பாதி வழியில் மனைவிதான் கேட்டார். “என்னங்க, மெஷின் எப்படி?”

“மெஷின் பரவாயில்ல,” என்றார். கொஞ்ச தூரம் போனதும், “கல்யாணத்தைச் சுருக்கமா வெச்சுக்கலாமா, பெரிசா வெச்சுக்கலாமான்னு அவங்க ரெண்டு பேரையுமே கேட்டுடு. எனக்கு எதுன்னாலும் சரி,” என்றார்.

மனைவி காரை ஓரங்கட்டி நிறுத்தினார். பதறாத சுபாவம் என்று சொன்னேனே, அன்று அதற்கு விதிவிலக்கு. “என்ன சொன்னீங்க?”

“எதுன்னாலும் சரின்னேன்.”

கல்யாணம் நடந்தது. டாக்டர் ஓரமாக நிற்கவில்லை, நடுவில் நின்றார். பல் டாக்டருக்கே உரிய முறையில் வாயை நன்றாகத் திறந்து சிரித்தார். மகள் அதைப் பார்த்துக் கொஞ்சம் அழுதாள்.

இந்த இடத்தில் கதையை முடித்தால் எல்லாருக்கும் நல்ல பெயர் வரும். டாக்டர் திருந்திவிட்டார் என்று நீங்களும் நிம்மதியாகப் புத்தகத்தை மூடிவைக்கலாம். ஆனால் இந்த இனத்தைப் பற்றி உங்களுக்கு இன்னும் முழுசாகத் தெரியவில்லை. ஆட்டிப் பார்ப்பவர் தீர்ப்பை மாற்றிக்கொள்வார், ஆட்டுவதை விடுவாரா?

கல்யாணம் ஆன மாதமே டாக்டர் சாப்பாட்டு மேஜையின் போல்ட்டுகளைக் கழற்றினார். அலமாரியைச் சுவரிலிருந்து விடுவித்தார். ஜன்னல் கண்ணாடிக்குப் பழையபடி ரப்பர் வந்தது, துணிக்குப் பழையபடி நைலான் கயிறு வந்தது. இதுவரையில் நல்லதுதான். அதன்பிறகு ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குப் போனார். உட்காரச் சொன்னார்கள். நாற்காலியின் முதுகைப் பிடித்து உலுக்கினார். நல்ல தேக்கு. துளி அசையவில்லை. வீட்டுக்காரர் பெருமையாக நின்றார். டாக்டர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, சோக முகத்தோடு, உட்காராமலே சொன்னார்.

“ஆடலையே.”

பிள்ளைகள் இப்போது இரண்டு கட்சியாகப் பிரிந்து, பெயரை மாற்றுவதா வேண்டாமா என்று வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.

மகள் வீட்டுக்கு முதல்முதலாகப் போன அன்று அங்கே இருந்த கட்டிலை ஆட்டிப் பார்த்தார். அது கிழக்கும் மேற்குமாகத் தாராளமாக ஆடியது. டாக்டருக்குப் பூரிப்பு. “பாரு, எவ்வளவு நல்லா வளைஞ்சு குடுக்குது. இதுல படுத்தா நூறு வருஷம் தாங்கும்.”

“சரிங்க மாமா,” என்றார் மாப்பிள்ளை. பிறகு குனிந்து, கட்டிலுக்கு அடியில் கையை விட்டு, எதையோ முடுக்கினார். “இது வளையல மாமா. நட்டு கழண்டிருக்கு.”

“எல்லாம் ஒண்ணுதான்,” என்றார் டாக்டர்.

மகள் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, அம்மாவிடம் ஏதோ சொன்னாள். இரண்டு பேரும் வெகுநேரம் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கேட்காததையெல்லாம் சொல்கிற அந்தப் பழைய பெண்ணின் சிரிப்பு அது. டாக்டருக்கு எதற்கென்று புரியவில்லை. புரியாமலே அவரும் சிரித்துவைத்தார்.

நீங்கள் அந்த ரகமே இல்லை என்பது தெரியும். எதையும் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்து எடைபோடுகிறவர். மிகவும் சந்தோஷம். ஒன்றே ஒன்று மட்டும் கேட்கலாமா? இந்தப் புத்தகத்தைக் கடையில் கையில் எடுத்தீர்களே, அப்போது ஒரு பக்கமாவது படித்துப் பார்த்தீர்களா? அட்டையைக் கட்டைவிரலால் வளைத்து விட்டீர்கள். தாளின் மூலையை இரண்டு விரலால் சுண்டினீர்கள். முதுகை நெருடி, கோந்தா தையலா என்று பார்த்து, “ம்” என்று ஒரு சத்தம் வேறு.

கடைக்காரர் சொன்னார்.